பசை போட்ட இசைத்தட்டு

எனக்குச் சந்தேக புத்தி. தராசு முள்ளை முறைக்காமல் வெங்காயம்கூட வாங்கமாட்டேன்.

தொண்ணூறுகளில் புனே பக்கம் சிஞ்ச்வட்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஒரு கோயமுத்தூர்க்காரர் இருந்தார். வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. இருவருக்கும் ஒரே பைத்தியம்: அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய பாட்டு. ஜூனா பஜார் என்ற பழைய சாமான் சந்தையில் துருப்பிடித்த சாமான்களைக் கிளறி இசைத்தட்டு பொறுக்குவோம். ஞாயிறு மாலை என் வீட்டில் ஒரு விளையாட்டு. தட்டின் நடுவிலுள்ள பெயர்ச்சீட்டை ஒருவர் காகிதத்தால் மறைத்துப் போடுவார். அது பழைய ப்ளூஸா, ரிதம் அண்ட் ப்ளூஸாக மாறத் தொடங்கிய காலத்ததா, பாடுவது யார் என்று மற்றவர் சொல்ல வேண்டும்.

அவர் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அதெப்படி? நான் டீ எடுக்க உள்ளே போகும்போது காகிதத்தைத் தூக்கிப் பார்க்கிறார் என்று முடிவுகட்டினேன்.

அடுத்த வாரம் தனியாகப் போய் ஒரு தட்டு வாங்கினேன். மரத்துக்குப் போடும் பசையால் இரண்டு பக்கமும் காகிதத்தை அழுத்தி ஒட்டினேன். பாடகர் பெயரை எங்கும் குறித்துவைக்கவில்லை. எழுதினால் அதையும் பார்த்துவிடுவாரே!

அவர் கண்ணை மூடிக் கேட்டார். "பெரிய பேண்டு கட்டுபடியாகாம ஆறேழு பேரா சுருங்குன காலமுங்க. பியானோல இடது கை ஓடறதப் பாருங்க. டிரம்மு ரெண்டாவது, நாலாவது அடியில உழுகுது. ரிதம் அண்ட் ப்ளூஸுன்னு பேரு வெக்கறதுக்கு முன்னாடியே அது பொறந்துருச்சுங்க." பாடகரையும் சொன்னார். சரிதான்.

"கடைக்காரன்கிட்ட விசாரிச்சீங்களா?" என்றேன்.

டீயைக் கீழே வைத்தார். "நானு பாட்டக் கேட்டனுங்க. நீங்க என்ற மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தீங்க."

அதன்பின் அவர் வரவில்லை. படியில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். பிறகு ஊரின் மறுகோடியிலுள்ள ஹடப்சருக்குக் குடிபோய்விட்டார். அந்த ஞாயிறுகளை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சில வருடங்கள் கழித்து, பாட்டுகளையெல்லாம் சிடியில் ஏற்றும்போது அந்தத் தட்டு கையில் வந்தது. காகிதத்தை ஈரத்துணியால் நனைத்து உரித்தேன். இரண்டு பக்கத்திலும் பெயர்ச்சீட்டு கூழாகி அதோடு வந்துவிட்டது. எத்தனை முறை போட்டுக் கேட்டும் பாடுவது யாரென்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்குப் பத்து நொடி போதும். அவர் போன் நம்பர் இருக்கிறது, என்னவென்று சொல்லிக் கேட்பது?

அன்று அவர் அந்தப் பெயரைச் சத்தமாகத்தான் சொன்னார். எனக்கு அவர் முகம் மட்டும்தான் நினைவிருக்கிறது.