மோட்டார் கொட்டாய்ச் சாவி

எங்கள் ஊர் வாலிபால் மைதானத்தில் ரசிகர்கள் உட்கார்ந்தது அரசாங்கத்துப் புளியமரத்தின் மேல். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையை மறித்த அந்த வாரம், கள்ளக்குறிச்சிக்குப் போகும் ரோட்டில் இருபுறமும் நின்ற மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினோம். நானும் வெட்டினேன். ரம்பத்தின் ஒரு பிடி என் கையில் இருந்தது. மறியல் முடிந்து லாரி வைத்து மரங்களை எடுத்துப்போக ஆள் வருவதற்குள், நாலு அடிமரங்களைச் சங்கிலி கட்டி டிராக்டரில் இழுத்து ஏரிக்குள் போட்டுவிட்டோம். எதற்கு என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. கிடைத்ததை ஏன் விட வேண்டும், அவ்வளவுதான்.

கோடையில் ஏரி வற்றியதும் அந்த மரங்களுக்கு ஒரு வேலை வந்தது. ஊர்ப் பையன்கள் சேர்ந்து புதிதாக ஒரு டீம் ஆரம்பித்தார்கள். வெள்ளை பனியன் வாங்கி ஊதாச் சாயம் முக்கினார்கள். வேர்த்தால் சாயம் இறங்கி இடுப்பெல்லாம் ஊதாவாகிவிடும். ஏரிக்குள் வண்டலைச் சமன்படுத்தி, சுண்ணாம்புக் கோடு போட்டு, நெட் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மைக் செட் பாட ஆரம்பித்தால் நைனார்பாளையம் பக்கத்திலிருந்துகூட சைக்கிளில் ஆள் வரும். பெண்கள் ஏரிக்கரை மேல் நின்று பார்ப்பார்கள். ஆண்களுக்கு அடிமரம்.

மரங்களை எங்கே போட வேண்டும் என்று சொன்னவன் நான். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, சர்வீஸ் கோட்டுக்குப் பின்னால் ஆறடி தள்ளி. சர்வீஸ் போட வருகிறவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தனியாக நிற்பான். நாங்கள் பேசுவது அவன் பிடரியில் படும். செட் முடிந்து டீம்கள் பக்கம் மாறும்போது நாங்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபக்கத்து மரத்துக்கு ஓடுவோம். எனக்கு ஆட வராது. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். வாய் மட்டும் நன்றாக வரும், அதனால் எனக்கு அடிமரத்தின் நட்டநடு இடம்.

இரண்டாவது மேட்சிலேயே அடிதடி ஆகிவிட்டது. வந்த டீமில் ஒருத்தனின் அம்மாவைப் பற்றி நான் ஒன்று சொன்னேன். அது இங்கே வேண்டாம். நெட் கிழிந்தது, ஒருத்தனுக்குப் பல் போனது. அடுத்த வாரம் ரெப்ரியாக இருந்த டிரில் மாஸ்டர் மைக்கைப் பிடித்து ஒரு சட்டம் போட்டார்.

"வூட்டு விஷயத்த எவனாச்சும் வாயால சொன்னீங்கன்னா, பாயிண்ட்டு அவங்களுக்குப் போயிடும்."

வாயால் என்றுதானே சொன்னார். நாங்கள் பொருளைக் காட்ட ஆரம்பித்தோம். இதுவும் என் யோசனைதான், பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நிச்சயம் பண்ணிய பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒருத்தன் சர்வீஸ் போட வந்தபோது, நாங்கள் ஒரு தாம்பூலத் தட்டை வெற்றிலை பாக்கோடு தலைக்கு மேல் தூக்கிக் காட்டினோம். அவன் திரும்பிப் பார்த்தான், பந்தை நெட்டில் அடித்தான். இன்னொருத்தன் வீட்டில் பாகம் பிரித்து, அப்பாவுக்கு ஒரு வேளை சோறு போட மூன்று பிள்ளைகளும் தகராறு செய்ததாகக் கேள்விப்பட்டோம். அவனுக்கு ஒரு வெறும் அலுமினியத் தட்டு. அவன் கோட்டுக்குள்ளேயே அழுதுவிட்டான். நாங்கள் சிரித்த சிரிப்பில் அடிமரம் உருண்டுவிடும் போலிருந்தது.

சேதி எப்படிக் கிடைக்கும் என்று கேட்கலாம். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்பு இறக்கக் காத்துக் கிடக்கும் வண்டிக்காரர்களிடம் ஒரு பீடி கொடுத்தால் பத்து ஊர்க் கதை கிடைக்கும். எந்த டீம் வருகிறதோ அந்த ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண் ஒருத்தியாவது எங்கள் ஊரில் இருப்பாள். ஆட்டத்துக்கு நாலு நாள் முன்பே ஆள் பேர் வாங்கி வேலையை ஆரம்பித்துவிடுவேன். அந்தச் சுறுசுறுப்பைப் படிப்பில் காட்டியிருந்தால் ஒதுக்கீடு இல்லாமலே ஏதாவது வேலை கிடைத்திருக்கும்.

என் அக்காவைக் கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மானாவாரி நிலம், மழை பெய்தால் மல்லாட்டைக் கடலை, இல்லையென்றால் இல்லை. மாமாவுக்கு ஒரு தம்பி. இருபது வயது. அவன் சர்வீஸ் போட்டால் பந்து தலைக்கு மேல் வந்து திடீரென்று விழும், யாராலும் எடுக்க முடியாது. டீம் ஆரம்பிப்பதற்கு முன்னால், அந்த வருஷப் பொங்கலுக்கு வரிசை கொண்டு போனபோது அக்கா என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு விஷயம் சொன்னாள். அவனுக்குச் சின்ன வயதில் வலிப்பு வரும். பாண்டிச்சேரிக்குப் போய் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறான், ஏழு வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. அந்த வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. எங்கள் அப்பா அம்மாவுக்கும் தெரியாது.

"கண்ணாலம் ஆயி வந்தப்புறந்தான் எனக்கே சொன்னாங்க. வெளிய சொல்லிக்கினு திரியாத. அவன் பொழப்பே கெட்டுரும்."

நான் சத்தியம் செய்து கொடுத்தேன். அப்போது மனசாரத்தான் செய்தேன்.

சித்திரையில் அவர்கள் டீம் எங்கள் மைதானத்துக்கு வருவதாக முடிவானது. அதே ஆட்டத்தைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு ஆபீசர் வருகிறார் என்றும் சேதி வந்தது. அவர்கள் ஆபீஸ் டீமுக்கு இரண்டு பேர் வேண்டுமாம். பிடித்துப்போனால் ஆட்டக்காரர்கள் என்றே வேலை போட்டுக் கொடுப்பார்கள். அக்கா அதற்கு முந்தின வாரம் பஸ் ஏறி வந்தாள், அம்மாவைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு. கிளம்பும்போது என் கையைப் பிடித்தாள்.

"உங்க மாமன் கடன ஒடன வாங்கி அவனுக்கு பூட்ஸ் வாங்கிக் குடுத்திருக்காரு. அவன் வேலைக்குப் போனான்னா எங்க வூட்ல ஒருத்தனுக்காவது மாசாமாசம் சம்பளம் வரும். அன்னிக்கி ஒரு நாளு நீ வாய மூடிக்கினு இரு தம்பி."

"இன்னாக்கா, என்ன இன்னான்னு நெனச்ச?" என்றேன்.

முதல் செட் நாங்கள் ஜெயித்தோம். இரண்டாவது அவர்கள். மூன்றாவதில் எங்கள் டீம் பன்னிரண்டு, அவர்கள் ஒன்பது. அப்போது அக்காவின் கொழுந்தன் சர்வீஸுக்கு வந்தான், எங்கள் மரத்துக்கு நேர் முன்னால். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துத் தலையாட்டினான். உறவுக்காரன் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான். முதல் பந்தை எங்கள் ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதற்குள் விழ வைத்தான். இரண்டாவதும் அப்படியே.

பக்கத்தில் இருந்தவன் என்னை இடித்தான். "இவனுக்கு ஒன்னும் இல்லியாடா? உங்க அக்கா வூடுதான அது?"

"மச்சான் மொறயாச்சே. இன்னிக்கி அய்யா பொட்டிப் பாம்பு" என்றான் இன்னொருத்தன். பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை வாரம் என் தோளைத் தட்டியவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பது எனக்குத் தாங்கவில்லை. இதற்கு மேல் ஒரு காரணமும் கிடையாது. இருந்தால் இத்தனை வருஷத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

என் இடுப்பில் எங்கள் கிணற்று மோட்டார் கொட்டாய்ச் சாவி இருந்தது. பழைய பூட்டு, விரல் நீளத்துக்கு இரும்புச் சாவி. அதை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பையன்களுக்குப் புரியவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவருக்கு உடனே புரிந்தது. வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுப்பதைப் பார்க்காதவர் எங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள். "அட, அப்புடியா" என்றார். அவ்வளவுதான், அடிமரம் முழுக்கக் காதோடு காதாகப் போனது. சைக்கிள் சாவி, பெட்டிச் சாவி, கடைச் சாவிக்கொத்து, அவனவன் மடியில் இருந்ததை எடுத்துக் குலுக்கினான். சாவி இல்லாத ஒருத்தன் வண்டி அச்சாணியை எடுத்துக்கொண்டு வந்தான். ஏரிக்கரை மேல் நின்ற பெண்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

அவன் திரும்பி எங்களைப் பார்த்தான். முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை, அதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு பந்தைத் தரையில் மூன்று தடவை தட்டினான். வரிசையாக நாலு சர்வீஸ் போட்டான், நாலும் பாயிண்ட். அத்தனை சாவியும் அவன் பிடரிக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டே இருந்தது. பதினைந்துக்குப் பன்னிரண்டு. எங்களைத் தோற்கடித்துவிட்டு அவன் தன் டீமோடு போய்த் தண்ணீர் குடித்தான்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். கூட்டம் செய்தது என்று நான் தப்பித்திருக்கலாம். ஆட்டம் முடிந்து மைக் செட் மேசை பக்கத்தில் ஆபீசர் சோடா குடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, நீதானே முதல்ல சாவியை ஆட்டினே? அது என்ன, உங்க ஊர்ப் பழக்கமா?"

ஆமாம் சார், ஜெயிக்கிறவனுக்கு ஆட்டுவோம் என்று சொல்லியிருந்தால் நம்பிக்கொண்டு போயிருப்பார். மெட்ராஸ்காரருக்கு என்ன தெரியும். ஆனால் நான் எவ்வளவு நயமாகக் கேலி செய்தேன் என்று அவருக்குத் தெரியாமல் போகிறதே என்று என் நாக்கு அரித்தது. தாம்பூலத் தட்டிலிருந்து ஆரம்பித்து, டிரில் மாஸ்டர் சட்டத்தைச் சொல்லி, சாவியில் கொண்டுவந்து முடித்தேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நிஜமாவா?" என்றார்.

"எங்க அக்கா வூடுங்க சார் அது. எனக்குத் தெரியாதா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்து, பேனாவால் ஒரு கோடு போட்டார். எங்கள் டீமில் ஒரு உயரக்காரனையும் வேறு ஊர்ப் பையன் ஒருத்தனையும் எடுத்துக்கொண்டார்கள். உயரக்காரனுக்கு மாலை போட்டு வெடி வைத்தோம். வேலை வேண்டும் என்று மரத்தை வெட்டியவர்கள், அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து ஒருத்தன் வேலையைப் பிடுங்கினோம். அன்றைக்கு எனக்கு வருத்தம் ஒன்றும் வரவில்லை. ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

அக்கா அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மல்லாட்டை வேலை ஜாஸ்தி என்று சொல்லி அனுப்பினாள், அம்மா நம்பினாள். அடுத்த பொங்கலுக்கு வரிசை எடுத்துக்கொண்டு நான்தான் போக வேண்டியிருந்தது. அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு கட்டுக் கரும்பு. அக்காவின் மாமியார் வாசலுக்கு வந்து வாங்க என்றார். கொழுந்தன் ஓடிவந்து கரும்புக் கட்டை என் தோளிலிருந்து இறக்கினான். "வாங்க மச்சான், ஆத்தாவெல்லாம் சௌக்கியமா?" என்றான். மாமா கழனிக்குப் போயிருந்தார்.

அக்கா தண்ணீர்ச் செம்பை என் முன்னால் வைத்துவிட்டு, மாமியார் உள்ளே போகும் வரை நின்றாள்.

"அவன் வந்து கேட்டான். அண்ணி, யார்கிட்டயாவது சொன்னீங்களான்னு. இல்லன்னேன். பொய்யின்னு அவனுக்குத் தெரியும். சரிங்க அண்ணின்னு போயிட்டான். அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லல, கூட ஆடுன பசங்களையும் சொல்ல வுடல. சொல்லியிருந்தா நான் இந்த வூட்ல இருக்க முடியாது." வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "மாத்திரய நிறுத்திட்டான். இனிமே யாருக்குத் தெரியாம இருக்கணும்ங்கறான்."

அவள் சொல்லி முடிக்கவில்லை, வாசலில் கரும்பு சரிந்த சத்தம் கேட்டது. ஓடினோம். கட்டு பிரிந்து கிடந்த கரும்புகளுக்கு நடுவில் அவன் விழுந்து கிடந்தான். கை கால் இழுத்துக்கொண்டிருந்தது, வாயோரம் நுரை. அக்கா கரும்பை விலக்கிவிட்டு அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மாமியார் மாரில் அடித்துக்கொண்டு, "இரும்பு, இரும்பக் குடுங்க" என்று அலறினார். நான் மரம் மாதிரி நின்றேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எடுடா சாவிய. அன்னிக்கி அவ்ளோ பேருக்கு முன்னால எடுத்த இல்ல, இப்ப எடு."

எடுத்தேன். அதே சாவி, அதே இடுப்பு. இரண்டு தடவை தவறவிட்டேன். அக்கா பிடுங்கி அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். இரும்பு என்ன செய்யும். அது வந்தது போல அதுவாகத்தான் அடங்கியது. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தான், யாரையும் அடையாளம் தெரியாதவன் போலப் பார்த்தான், பிறகு தெரிந்துகொண்டான்.

மாமியார் அதுவரை அழுதுகொண்டிருந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் கேட்டார். "அன்னிக்கின்னா என்னிக்கிடி? எவ்ளோ பேருக்கு முன்னால?"

அக்கா முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். ஊரே கேட்கப் பேசிய வாய் அப்போது திறக்கவில்லை.

அவன் தலையைத் தூக்க முடியாமல் கையை மட்டும் விரித்து அந்தச் சாவியைப் பார்த்தான். நாக்கு குழறியது.

"ஒன்னுமில்லம்மா. மச்சான் எனக்கு சாவி குடுத்தாரு, அவ்ளோதான்."

சொல்லிவிட்டுக் கையை மூடிக்கொண்டான். நான் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. ஊருக்கு வந்து மோட்டார் கொட்டாய்ப் பூட்டைக் கல்லால் அடித்து உடைத்தேன். சாவியை எங்கேடா தொலைத்தாய் என்று அப்பா கேட்டதற்குத் தெரியவில்லை என்றேன்.