பதினேழாம் கேள்விக்கு விடை

கொளஞ்சியம்மாள் இறந்த செய்தி எனக்கு ஒரு விளம்பரமாக வந்தது. எங்கள் பயிற்சி மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்கு ஒரு படம் போட்டார்கள். அடையாள அட்டையிலிருந்து வெட்டி எடுத்த அவருடைய புகைப்படம், அதைச் சுற்றிக் கணினியில் வரைந்த மாலை, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. ‘எங்கள் மையத்தின் தட்டச்சுப் பணியாளர் இயற்கை எய்தினார்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், ‘நுழைவுத் தேர்வு ஆங்கிலம்: சேர்க்கை நடைபெறுகிறது’ என்று இன்னொரு வரி. புகைப்படத்தின் மேல் போட்டிருந்த அவருடைய பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தார்கள். அந்த அலுவலகத்தில் பிழை பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார் என்பது அதிலேயே தெரிந்தது.

முந்தின நாள் மாலை வேலை முடிந்து அரியலூர் பஸ்ஸில் ஏறியவர், இறங்கும்போது நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. நாற்பத்தேழு வயது. எனக்கு வருத்தம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அருவருப்பு. அந்தப் படத்துக்குக் கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று நான் போட்டது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் பெரம்பலூரில் அந்த மாடிப்படி ஏறிப் படித்தவர்கள். உங்களுக்கு அவர் ‘டைப் அக்கா’. ஆண்டிமடத்துப் பக்கம், அடுத்தவர் முந்திரிக் காட்டில் கூலிக்குப் போன குடும்பம். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, ஜெயங்கொண்டத்தில் டைப்ரைட்டிங் பழகி, ஆங்கிலத்தில் ஹையர் கிரேடு பாஸ் செய்தவர். கணவர் கலியமூர்த்தி அரியலூரில் சிமெண்டு மூட்டை இறக்கும் லோடுமேன். தடுப்புப் பலகைக்குப் பின்னால் ஒரு கணினி, ஒரு பிரிண்டர், பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கு. வினாத்தாள் எல்லாம் அங்கிருந்துதான் உங்கள் கைக்கு வந்தது.

என்னையும் உங்களுக்குத் தெரியும். நுழைவுத் தேர்வு வகுப்பில் ஆங்கிலப் பகுதியை எடுத்த ஆள். டாக்டர் சீட்டுக்கான வகுப்புக்கு ஏசி அறை. மத்தியப் பல்கலைக்கழகம், சட்டக் கல்லூரி என்று வருகிறவர்களுக்குத் தகரக் கூரை போட்ட அறை. அந்தத் தகரத்துக்குக் கீழே நின்று பல வருஷம் நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: ‘பத்தியைப் படிக்காதே. கேள்வியைப் படி. கேள்வியில் உள்ள வார்த்தையைப் பத்தியில் தேடு. அது கிடைக்கிற வரியில் விடை இருக்கும்.’ வாசிப்புப் பகுதி என்று பெயர், வாசிக்காமல் இருக்கப் பயிற்சி. இதை உத்தி என்று கரும்பலகையில் எழுதிக் கீழே கோடும் போட்டேன். இப்போது நினைத்தால் சாக்பீஸ் பிடித்த கையைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து இதை அவர் தினமும் கேட்டார். நாங்கள் இருவரும் அரியலூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். ஒருநாள் பஸ்ஸில் கேட்டார்.

“படிக்காம எப்படி சார் பதில் சொல்றது? ஒருத்தர் நம்மகிட்ட ஒரு விஷயத்த சொல்லிட்டிருக்காரு. நாம காதப் பொத்திக்கிட்டு அவரு வாயவே பாத்துட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?”

“நேரம் பத்தாதும்மா” என்றேன்.

“படிக்கப் பழகலன்னா எந்த நேரமும் பத்தாது சார்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆங்கிலத்தில் பட்டமேற்படிப்பு முடித்தவனுக்கு டைப் அடிக்கிற அம்மா வகுப்பு எடுப்பதா என்ற நினைப்பு. அந்த நினைப்பை இப்போது வெளியே எடுத்துப் பார்த்தால் நாறுகிறது.

அவர் எழுத ஆரம்பித்தது என் சோம்பலால்தான். வாராந்திரத் தேர்வுக்கான பத்திகளை நான் எங்கிருந்தாவது நகல் எடுத்துக் கொடுப்பேன். பனிப்பாறை, திமிங்கிலம், பங்குச் சந்தை. ஒரு வாரம் கொடுக்க மறந்துவிட்டேன். சனிக்கிழமை தேர்வுத்தாளைப் பார்த்தால் நான் கொடுக்காத பத்தி ஒன்று இருக்கிறது. அரியலூர்ப் பக்கம் ஒரு வீட்டில், கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய கடல் நத்தை ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. அந்த வீட்டுக்காரர் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார். ஆராய்ச்சிக்கு வந்தவர் அதைப் பார்த்து மயங்கி நிற்க, வீட்டுக்காரர், எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கதவுக்கு வேறு ஒரு கல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார். எளிமையான, சுத்தமான ஆங்கிலம். தேர்வு நடுவில் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். வாசிப்புத் தேர்வில் ஒரு பிள்ளை சிரித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கடைசி வரி வரை போனவர்களுக்குத்தான் அந்தச் சிரிப்பு.

அதன் பிறகு எல்லாப் பத்திகளும் அவர் எழுதியவைதான். சொற்களுக்கும் அப்படியே. ‘ரிலக்டன்ட்’ என்ற சொல்லுக்கு நான் ‘தயக்கமான’ என்று எழுதிக் கொடுத்தேன். “பயத்துல வர்ற தயக்கமா, இஷ்டமில்லாம வர்றதா சார்?” என்று கேட்டுவிட்டு, மழையில் இறங்க மாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டு பின்னுக்கு இழுக்கும் ஆட்டை வைத்து ஒரு வாக்கியம் அடித்தார். தேர்வு அறையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஆடு வந்து நின்றது சார் என்று உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்து சொன்னீர்கள். அது என் ஆடு இல்லை. ஆனாலும் சந்தோஷம்பா என்று நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நாலு வருஷப் பத்திகளைச் சேர்த்து மையம் ஒரு புத்தகம் போட்டது. உங்கள் அலமாரியில் இன்னும் இருக்கலாம். அட்டையில் மையத்தின் டைரக்டர் கோட்டு போட்டுக் கைகட்டி நிற்கிறார். தொகுப்பாசிரியர் என்று என் பெயர் இருக்கிறது. உள்ளே எங்கு தேடினாலும் கொளஞ்சியம்மாள் பெயர் இல்லை. கேட்டால் சேர்த்திருப்பார்களோ என்னவோ. நான் கேட்கவில்லை. துறைத் தலைவர் என்று கதவில் ஒரு பலகை மாட்டினார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்தகத்தில் முந்திரிக் காட்டைப் பற்றிய பத்தி ஒன்று உண்டு. ஒரு பெண் கோடை முழுவதும் கொட்டை பொறுக்குகிறாள். கடைசி நாளில் காட்டுக்காரர் அவளைக் கூப்பிட்டு, மீந்துபோன முந்திரிப் பழங்களை ஒரு கூடை நிறையக் கொடுத்து, பரிசு என்கிறார். கொட்டையைத் திருகி எடுத்தபின் அழுகட்டும் என்று மரத்தடியில் கொட்டி வைக்கிற பழங்கள் அவை. கூடை கனமாக இருக்கிறது என்று நடுவில் ஒரு வரி வருகிறது. அவள் அதைக் காட்டு வாசல் வரை கொண்டுவந்து இறக்கி வைக்கிறாள். பிறகு, அதைப்போல இரண்டு மடங்கு கனமுள்ள விறகுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். இதுதான் கடைசி வரி. பதினேழாம் கேள்வி: அவள் ஏன் கூடையை விட்டுவிட்டுப் போனாள்? பி, கூடை கனமாக இருந்ததால். சி, வீணாய்ப் போவதைப் பரிசு என்று கொடுத்ததால்.

அக்கா சி என்றுதான் விடை போட்டிருந்தார். புரூஃப் பார்க்கும்போது அதை பி என்று மாற்றியது நான். பத்தியைப் படிக்கவில்லை. கேள்வியைப் படித்தேன், கூடை என்ற வார்த்தையைத் தேடினேன், பக்கத்தில் கனம் என்றிருந்தது, சிவப்பு மையில் திருத்தினேன். என் உத்தியை நானே நம்பிய ஒரே தருணம் அதுதான்.

புத்தகம் விற்பனைக்கு வந்த இரண்டாம் வாரம் அரும்பாவூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண் என்னிடம் வந்தாள்.

“நான் சி போட்டேன் சார். புக்குல பி-ன்னு இருக்கு.”

“புக்குல பி-ன்னா பி தான். போய் உக்காரு.”

“ரெண்டு தடவ படிச்சேன் சார். எனக்குப் படிச்சா புரியல போலருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

அன்று சாயங்காலம் அக்கா புரூஃப் தாளை என் மேஜையில் வைத்தார். “உங்க சிவப்பு மை சார் இது. கோவிச்சுக்காதீங்க. சரியாப் படிச்ச புள்ளைய நாம தப்புன்னு சொல்லிட்டோம். அந்தப் பொண்ணு இனிமே அதும் புத்திய நம்புமா?” பார்க்கலாம் என்றேன். டைரக்டரிடம் அவரே போய்ச் சொல்லிப் பார்த்தார். ஒரு கேள்விதானே, யாரு கவனிக்கப்போறா என்றுவிட்டார் அவர்.

அக்கா சின்னச் சின்னத் திருத்தச் சீட்டுகள் அச்சடித்தார். ‘கேள்வி 17, சரியான விடை சி’. சாப்பாட்டு நேரத்தில் இடது கையால் சாப்பாட்டுத் தூக்கைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு பிரதியாக எடுத்து அந்தப் பக்கத்தில் ஒட்டினார். நாலைந்து நாள் யாரும் பார்க்கவில்லை. பிறகு டைரக்டர் பார்த்தார்.

“நம்ம புக்குல தப்பு இருக்குன்னு நாமளே ஒட்டிக் காட்டுறதா? நீ டைப்புல பண்ணின தப்புக்கு மையத்தோட மானம் போகணுமாம்மா? அத்தனையும் நீயே உரிச்சு எடு.”

டைப்பில் பண்ணிய தப்பு. அக்கா என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது. அந்த இடத்தில் ஒரு வரி பேசியிருக்கலாம். பேசாத அந்த வாயோடுதான் இன்றும் சோறு தின்கிறேன்.

“உரிச்சா பக்கமும் சேந்து வந்துரும் சார்” என்று மட்டும் அவர் சொன்னார். அப்படியேதான் ஆனது. ஓட்டை விழுந்த பிரதிகளை விற்க முடியாமல் கட்டுக் கட்டாகக் கட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டார்கள். மறுநாள் பஸ்ஸில் அவர் வழக்கம்போல் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். வழக்கம்போல் ஒரு புதுப் பத்தியை நீட்டினார். “கடைசி வரி வரைக்கும் போயிட்டு வாங்க சார், அப்பறமா பேசுவோம்” என்றார். அவர் என்னைத் திட்டியது அது ஒன்றுதான். அது திட்டு என்பதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

காரியம் முடிந்த பிறகு மையத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஏசி அறையில். உயிரோடு இருந்தவரை அக்கா அந்த அறைக்குள் தாள் வைக்க மட்டுமே போனவர். டைரக்டர் பேசினார்: “கடுமையான உழைப்பாளி. டைப்புல ஒண்ணு ரெண்டு தப்பு வரும், நாங்க பெருசு பண்ணினதில்ல.” என்னைப் பேசச் சொன்னார்கள். அமைதியானவர், அன்பானவர் என்று யாருக்கும் பொருந்தக்கூடிய நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அங்கேயும் எழுந்து உண்மையைச் சொல்லவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியில் கலியமூர்த்திக்குப் பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு என்று வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு கட்டைக் கொடுத்தார்கள். “அவங்க உழைச்ச புத்தகம். உங்க ஊர்ப் புள்ளைங்களுக்குக் குடுங்க” என்றார் டைரக்டர். காகிதம் ஒரு மூலையில் பிரிந்திருந்தது. மாடிப்படிக்குக் கீழே கிடந்த கட்டு என்று எனக்குத் தெரிந்தது. கலியமூர்த்தி அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். பிறகு அந்த மூலையில் விரல் விட்டு ஒரு பிரதியைப் புரட்டினார். பதினேழாம் கேள்வி இருந்த பக்கத்தில் ஓட்டை. வீட்டில் மனைவி அவரிடம் என்ன சொல்லியிருந்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் புத்தகத்தை மூடிவிட்டார்.

கீழே இறங்கும்போது நான் கூடவே போனேன். வாசலுக்கு வந்ததும் புத்தகக் கட்டை அங்கிருந்த நாற்காலியில் வைத்தார். அக்கா மேஜையில் விட்டுப்போயிருந்த சாப்பாட்டுத் தூக்கையும், அவர் சொந்தமாக வாங்கி வைத்திருந்த பெரிய ஆங்கில அகராதியையும் மட்டும் எடுத்துக்கொண்டார்.

“இது?” என்று கட்டைக் காட்டிக் கேட்டார் வாசலில் நின்ற டைரக்டர்.

“இருக்கட்டுங்க சார். பஸ்ல போறேன், கனமா இருக்கும்” என்றார் கலியமூர்த்தி, ரொம்ப மரியாதையாக. நாள் முழுக்கச் சிமெண்டு மூட்டை தூக்குகிற மனிதர்.

அவர் ரோட்டைக் கடந்து போன பிறகு டைரக்டர் என்னிடம் திரும்பி, “பாவம் சார், கனமா இருக்குன்னு விட்டுட்டுப் போயிட்டாரு. ஒரு ஆட்டோல போட்டு அனுப்பிச்சிருங்க” என்றார்.

நான் அனுப்பவில்லை. இது வெளிவரும்போது எனக்கு அங்கே வேலை இருக்காது, இருக்கவும் வேண்டாம். கொளஞ்சியம்மாளிடமிருந்து எனக்கு மிஞ்சியது என் மேஜையில் இருந்த ஒரு பிரதி. அதிலும் அவர் சீட்டு ஒட்டியிருந்தார், அதை உரிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஓரம்கூடத் தூக்காமல் அப்படியே ஒட்டியிருக்கிறது.

அரும்பாவூர்ப் பெண்ணே, நீ இப்போது எங்கே படிக்கிறாய் என்று தெரியாது. பதினேழாம் கேள்விக்கு விடை சி. நீ சரியாகத்தான் படித்தாய். அந்தப் புத்தகம் முழுவதையும் எழுதியவர் டைப் அக்கா. அதில் இருந்த ஒரே தப்பு என்னுடையது.