திருப்பிக் கொடுத்த நாவல்

துப்பறியும் நாவல் ஒன்றின் நடுவில் வரிகள் வளைந்திருந்தன. அச்சு சரியில்லை என்று நினைத்தேன். சண்டே மார்க்கெட்டில் அதை வாங்கிய பழைய புத்தகக் கடைக்கே கொண்டுபோனேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. கடைக்காரர் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நேராத்தானக்கா இருக்குது?”

ஆனாலும் ஒரு பயண நூலை மாற்றிக் கொடுத்தார். வீட்டில் திறந்தால் அதிலும் வளைவு. அலமாரியில் இருந்த சமையல் புத்தகத்திலும்.

என் கணவர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். “எல்லா அச்சாபீஸ்காரனும் ஒண்ணா குடிச்சிட்டா வேல செஞ்சான்? கண்ண காட்டலாம், கெளம்பு.”

மாக்குலர் எடிமா (விழித்திரையின் நடுவில் நீர் கோத்துக்கொள்வது) என்றார் மருத்துவர். சர்க்கரையால் வந்தது. இரண்டு கண்ணிலும், இடதில் அதிகம்.

“ஊசி போட்டு இருக்குற பார்வைய காப்பாத்தலாம்மா. போனது எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது.”

கணவர் கேட்டார்: “புக்கு படிப்பாளா டாக்டர்? அது இல்லன்னா இவளுக்குப் பேச்சுத் துணையே கெடையாது.”

உண்மைதான். பத்தாவதோடு படிப்பு நின்றது. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் சோப்பு பேக்கிங் வேலை. அங்கும் அதிகம் பேசமாட்டேன்.

ஊசி கண்ணுக்குள்தான் போடுகிறார்கள். மரத்துப்போகச் சொட்டு விடுவார்கள். வலி குறைவு, பயம்தான் பெரிது. அந்தப் படுக்கையில் படுக்கப்போகிறவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

எழுத்துகள் கலங்கிக் கிடந்த அந்த மாதங்களில் கணவர் எனக்கு வாசித்துக் காட்டினார். திருப்பிக் கொடுத்த நாவலையே தேடி வாங்கிவந்தார். இரண்டு பக்கம் வாசித்துவிட்டு, கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டார்.

“தம்பிதான் அண்ணன கொன்னான். அடுத்த புக்க எடு.”

பயண நூலுக்கு, “மலை வரைக்கும் நடந்தே போயிருக்கான் பாரு. ஒரு வண்டி புடிக்கக் கூடாது?” சமையல் புத்தகத்தை மட்டும் ஒரு வரி விடாமல் வாசித்தார். கவிதைகளை அறிவிப்புப் பலகை போல ஒரே மூச்சில் முடித்தார். வரிகளுக்கிடையே விட்டிருக்கும் வெள்ளை இடத்தையும் நான் இத்தனை காலம் படித்துவந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

நீர் மெல்ல வற்றியது. வலது கண் ஓரளவு தெளிந்தது. இடது கண்ணில் வளைவு நிற்கிறது. அது போகாது என்கிறார் மருத்துவர். எழுந்ததும் ஒவ்வொரு கண்ணாக மூடி சன்னல் கம்பிகளைப் பார்க்கிறேன். இன்றைக்கு எவ்வளவு படிக்க முடியும் என்று கம்பிகள் சொல்லிவிடும்.

அந்த நாவலை முதலிலிருந்து எடுத்திருக்கிறேன். முன்பெல்லாம் ஒரே நாளில் முடிப்பேன், கொலைகாரன் யார் என்ற அவசரத்தில். இப்போது அது தெரியும். தொடக்கத்திலேயே தம்பி அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறான். முதல் தடவை அந்த வரியை நான் பார்க்கவே இல்லை.

நேற்று அந்த இடத்தில் கண் களைத்துவிட்டது. புத்தகத்தை மூடினேன். தம்பி தம்ளரை நீட்டியபடி நிற்கிறான். நான் திறக்கும்வரை அண்ணன் உயிரோடு இருப்பான்.