போன் கடை பாய்

அதிகம் படிக்காதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் திகாம் பத்துவில் போன் பழுதுபார்க்கும் பாய் ஒருவர் இருந்தார். ஒல்லியானவர், நெற்றியில் சின்ன விளக்கு. யாராவது பாஸ்வர்டு அழுத்தினால் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

என் மகள் சில நாட்களாகப் போனில் யாரிடமோ பேசி அழுதாள். கேட்கப் பயம். அவள் இரவு வேலை முடிந்து வந்து பகலில் தூங்கியபோது, அவள் போனை எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன்.

"இதத் தொறந்து குடுங்க பாய். மகளோடது."

"செத்தவங்க போன்னா வீட்டுக்காரங்களுக்குத் தொறந்து தருவேன்க்கா. மக உயிரோட இருக்கால்ல?"

"ஐயோ, என்ன பேச்சு பாய்! வீட்டுல தூங்குது."

"அப்ப அதுகிட்டயே கேளுங்க லா."

போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை.

மறுநாள், போனைத் திறக்கக் கடைக்கு எடுத்துப்போன உண்மையை மகளிடம் சொன்னேன். அன்று முழுதும் அவள் என்னோடு பேசவில்லை.