நான் சாப்பிடாத சாப்பாடு

பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் அது. நான் அங்கே காவலாளி. அங்கேயே லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் ஒருவர் உண்டு. அவரிடம் யாரும் லிஃப்ட் நாலு மாடி ஏறுகிற நேரத்துக்கு மேல் பேசியதில்லை. "சரியாயிடுச்சா?" என்பார்கள், "ஆயிடுச்சு" என்பார், கதவு திறந்துவிடும். அவர் மனைவி காலமாகி மூன்று வருடம். ஒரே மகளுக்கு வெளிநாட்டில் வேலை.

மகள் விட்டுப்போன டேப்லெட்டில் படம் வரைகிற செயலி ஒன்று இருந்தது. சும்மா தட்டிப் பார்த்தவர் அதிலேயே விழுந்துவிட்டார். உள்ளங்கை பட்டுக் கோடு கோணுகிறது என்று வேலைக் கையுறையில் மூன்று விரலை வெட்டி மாட்டிக்கொள்வார். தப்பான கோட்டை இரண்டு விரலால் தட்டினால் மறைந்துவிடுமாம். லிஃப்டில் இந்த வசதி இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிச் சிரிப்பார்; கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? தினமும் சாப்பிட்டு முடித்ததும் எதிரே இருக்கிற மேசையைத்தான் வரைவார்.

மகள் கூப்பிட்டால் அளந்து விடுவார். அதில் உருண்டது என் தலை. தினமும் சாயங்காலம் நான் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறேனாம், இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பில் வீடு இரண்டுபடுகிறதாம். நான் அவர் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. தனியாகக் கிடக்கிறார் என்று தெரிந்தால், பாடுபட்டு வாங்கிய வேலையை உதறிவிட்டு மகள் ஓடி வந்துவிடுவாள். அந்தப் பயம் அவருக்கு.

ஒருநாள் மகள், மேசைப் படமெல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. செயலி இன்னும் அவள் பெயரிலேயே இருந்ததால், அவர் வரைந்ததெல்லாம் அவள் போனுக்கும் போயிருக்கிறது. அத்தனை படத்திலும் ஒரே ஒரு தட்டு. அவள் அதைக் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து இரண்டு தட்டு வரைந்தார். எதிர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். ஆனால் என் முகத்தை அவர் என்றைக்குப் பார்த்தார்? தொப்பிதான் ஞாபகம் வந்ததாம். குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து ஒரு முகம் வரைந்து, மீசை வைத்து, தொப்பியைக் கவிழ்த்துவிட்டார். எனக்கு மீசையே கிடையாது.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாளாம். "எதிர்ல உட்கார்ந்திருக்கிறதும் நீங்கதாம்ப்பா. நான் வந்துடட்டுமா?" என்றாளாம்.

மறுநாள் காலை அவர் என் முன்னால் வந்து நின்று எல்லாவற்றையும் கொட்டினார். சாயங்காலம் நிஜமாகவே சாப்பிட வரச் சொன்னார். பிறகு, "கொஞ்சம் தொப்பியைக் கழட்டுங்க. உங்க முகத்தைப் பார்க்கணும்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு வருடமாகத் தினமும் வணக்கம் வைக்கிறவன் நான். இருந்தாலும் கழற்றினேன். அவர் நிதானமாகப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னையும் யாரும் அப்படிப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.