முன் சீற்றில் நான், மாமரத்தடியில் சைக்கிள்

எனக்கு ஆக்களோடு கதைக்கக் கூச்சம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போன பள்ளிக்கூடத்திலும் வாத்தியார் கேள்வி கேட்டால் விடை தெரிந்தாலும் சொல்ல மாட்டேன், குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்துவிடுவேன். கலியாண வீடுகளுக்குச் சமைக்கிற குசினிப் பக்கத்தால் போய், குசினிப் பக்கத்தாலேயே திரும்பி வந்துவிடுவேன். ஆனால் சைக்கிளில் ஏறினால் நான் வேறு ஆள். நாலு தரம் உழக்கினால் போதும், தலை தானாக நிமிரும். எதிரே வருகிறவரைப் பார்த்து "எப்பிடிச் சுகம்?" என்றுகூடக் கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்ல முந்தி நான் கடந்து போய்விடுவேன். அதுதான் சைக்கிளில் உள்ள வசதி.

எங்கள் வீடு அக்கராயன் றோட்டில் இருக்கிறது. கிளிநொச்சி ரவுணுக்கு ஆறு கட்டைத் தூரம் வரும். முந்தி அந்த றோட்டு முழுக்கக் குண்டும் கிடங்கும். மாரி காலத்தில் எருமைகள் நடு றோட்டிலேயே படுத்திருக்கும், அவ்வளவு தண்ணீர் நிற்கும். இப்போது காப்பெற் போட்டுவிட்டார்கள். கறுகறுவென்று, வழுவழுவென்று, நடுவில் வெள்ளைக் கோடும் கீறி. அதைக் கண்ட நாளிலிருந்து என் கால்கள் சும்மா இருக்கவில்லை. ஆனால் எனக்கு ரவுணில் என்ன அலுவல்? சங்கக்கடை ஊருக்குள்ளே, கோயில் ஊருக்குள்ளே, வயல் வாய்க்காலுக்கு அங்கால். ஒருநாள் உப்பு முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். மகள் படலையில் வைத்து மறித்துவிட்டாள்.

"உப்புக்கு ரவுணோ? சங்கக்கடையில உப்பில்லையோ?"

"ரவுண் உப்பு நல்லமாம்."

"அம்மா, உந்த வயசில என்ன விசர் ஓட்டம்? ஆக்கள் பார்த்தா என்ன சொல்லுவினம்?"

சைக்கிளைத் திருப்பிக்கொண்டுபோய்ச் சாத்திவிட்டேன். வயது போன மனுசி ஒருத்தி தேத்தண்ணிக்கு விருப்பம் என்றால் ஊற்றிக் கொடுப்பார்கள். வெற்றிலைக்கு விருப்பம் என்றால் இடித்துக் கொடுப்பார்கள். சைக்கிள் ஓட விருப்பம் என்றால் சிரிக்கத்தானே செய்வார்கள்?

அப்படி இருக்கும்போதுதான் வேலை வந்தது. ரவுணில், படிப்பித்து ஓய்வெடுத்த ஒரு ரீச்சர் தூள் கொட்டில் நடத்துகிறா. மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் வறுத்துத் திரித்து, பைக்கற்றில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். எங்கள் கோயில் அன்னதானத்துக்கு வந்த ரீச்சர் கத்தரிக்காய்க் கறியில் ஒரு வாய் வைத்துவிட்டு, "இந்தத் தூள் ஆர் வறுத்தது?" என்று கேட்டுக்கொண்டு குசினிக்குள்ளேயே வந்துவிட்டா. நான் பெரிய சோற்றுக் கிடாரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி அந்தக் கொட்டிலில்தான் வேலை செய்கிறாள். எனக்கு இல்லாத வாயும் அவளிடம்தான் இருக்கிறது.

"உதில நிக்கிறா பாருங்கோ, ஒளிச்சுக்கொண்டு!" என்று என்னைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டாள்.

"அக்கா, எங்களிட்டை வறுக்கிற வேலைக்கு வாறியளோ?" என்று ரீச்சர் கேட்டா.

கேட்டு முடிக்க முந்தி என் மனம் றோட்டில் இறங்கிவிட்டது. போக ஆறு கட்டை, வர ஆறு கட்டை. ஒவ்வொரு நாளும். உப்பும் வேண்டாம், புளியும் வேண்டாம், ஒருவரும் மறிக்க ஏலாது.

"ஓம்!" என்றேன்.

"கலியாணத்துக்குக்கூட இவ்வளவு சத்தமா ஓம் சொல்லியிருக்க மாட்டியள் அக்கா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

வேலை தொடங்குகிறதுக்கு முதல் நாள் சைக்கிளை வாய்க்காலுக்குக் கொண்டுபோய் மாடு குளிப்பாட்டுகிற மாதிரிக் குளிப்பாட்டினேன். சாம்பல் போட்டு ரிம் இரண்டையும் மினுக்கினேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். மகள் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "வேலைக்குப் போறது நீங்களோ, சைக்கிளோ?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை சோற்றுப் பார்சலைச் சைக்கிள் கரியலில் வைத்துக் கட்டிப் படலையைத் திறக்கிறேன், வெள்ளை வான் ஒன்று நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரி யன்னலால் கையை ஆட்டுகிறாள்.

"ஏறுங்கோ அக்கா! இண்டையில இருந்து வேலைக்கு வாறாக்களை ரீச்சர் வானிலதான் எடுக்கிறா. முதலே சொன்னா உங்களுக்குப் புதினமா இராது எண்டு சொல்லேல்லை."

"குடுத்து வைச்சனீங்கள் அம்மா," என்றாள் மகள். சோற்றுப் பார்சலைக் கரியலிலிருந்து அவிழ்த்து என் கையில் தந்ததும் அவள்தான். முன் வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இத்தனை பேருக்கு முன்னால் நான் என்ன சொல்ல? சைக்கிளை மாமரத்தில் சாத்திவிட்டு ஏறினேன்.

அந்த வானில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. மெத்தை சீற்றுகள், பாட்டுப் பெட்டி எல்லாம் இருந்தன. ஆனால் உள்ளே இருந்து பார்த்தால் றோட்டுத் தெரியாது, முன்னுக்கு இருக்கிறவளின் கொண்டைதான் தெரியும். பின்னேரம் இன்னும் மோசம். நாள் முழுக்க மிளகாய் வறுத்த பெண்கள் எல்லாரும் யன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தால் எப்படி இருக்கும்? ஒருத்தி தும்மத் தொடங்கினால் வரிசையாகத் தும்மல் போய், கடைசியில் றைவர் தும்முவார். அவர் தும்மும்போது வானும் ஒருக்கால் துள்ளும்.

கொஞ்ச நாள் போக, அந்த றைவர் செய்கிற ஒரு வேலையைக் கவனித்தேன். அவர் அக்கராயனிலிருந்து வருகிறவர். வழியில் முதல் வருவது என் வீடு. நான் படலையில் நிற்பேன். அவரோ தலையை மற்றப் பக்கம் திருப்பி, வயலுக்குள் ஏதோ அதிசயம் நடக்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு, என்னைக் கடந்து பக்கத்து வீட்டுக்குப் போவார். அவளை ஏற்றிக்கொண்டு, றிவேர்சில் வந்து என்னை ஏற்றுவார். கண் தெரியாதாக்கும் என்று நினைத்து இரண்டு நாள் கையை ஆட்டிக்கூடப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரிதான் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"முழுவியளமாம் அக்கா! காலமை முதல் முதல் பார்க்கிற முகம் பொட்டு வைச்ச முகமா இருக்க வேணுமாம். நீங்கள் முதல் ஏறினா அண்டைக்கு வான் எங்கயாவது படுத்திடுமாம்."

என் மனுசன் போய்ச் சேர்ந்த காலத்தில் இப்படியான கதைகளைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். நல்ல காரியங்களுக்குப் பின்னுக்கு நிற்கப் பழகியும் விட்டேன். அன்றைக்கும் எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிற்றுக்குள் ஏதோ கிச்சுக் கிச்சு மூட்டியது.

"அப்ப நான் வானில வராட்டி அவருக்கு நல்லந்தானே?" என்றேன்.

"என்ன கதை அக்கா இது?"

"இல்லை, நான் சைக்கிளில வாறன். அவற்ற வானும் படுக்காது."

அவள் என்னைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுடைய கண் நிறைந்தது. "ஐயோ அக்கா, என்ன மனசு உங்கட மனசு!" என்று கட்டிப்பிடித்து அழுதாள். "இல்லை, எனக்கு உண்மையிலேயே..." என்று தொடங்கினேன். அவளுடைய தோளுக்குள் என் வாய் அமுங்கிப்போனது.

முதல் தாச்சி மிளகாய் சிவக்க முந்தியே கதை ரீச்சரிடம் போய்விட்டது. ரீச்சர் கையில் இருந்த அகப்பையோடு வாசலுக்குப் போனா.

"தம்பி! என்ர வானுக்கு நீர் முழுவியளம் பார்க்கிறீரோ?"

"இல்லை ரீச்சர், அது... பழக்கம்..."

"பழக்கமோ? நாளையில இருந்து அவாதான் முதல் ஏறுவா. முன் சீற்றில இருப்பா. நீர் இறங்கிக் கதவைத் திறந்து விடுவீர். விளங்கிச்சுதோ?"

நான் ரீச்சரின் சீலைத் தலைப்பை மெல்ல இழுத்தேன். "ரீச்சர், நான் சைக்கிளிலயே..."

"நீங்கள் பேசாம இருங்கோ அக்கா. இனி உங்களை ஒருத்தரும் இறக்கிப் பார்க்க நான் விடமாட்டன்."

தாச்சியடியில் நின்ற பெண்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் நன்றி கெட்டவள் என்று நினைத்துவிடுவார்களே.

அடுத்த நாள் றைவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து இறங்கினார். முகம் பேயறைந்த மாதிரி. வான் கண்ணாடியில் வழமையாகக் கண்ணூறுக்கு ஒரு தேசிக்காய் தொங்கும், அன்றைக்குக் கொத்தாகத் தொங்கியது. கதவைத் திறந்து பிடித்தார். முன் சீற்றில் ஏறினேன். பெல்ற்றைக் கட்டிவிட்டார். கலியாணப் பொம்பிளையைக்கூட எங்கள் பக்கம் இவ்வளவு கவனமாக ஏற்றுவதில்லை. முட்டை ஏற்றிப் போகிற மாதிரி மெல்ல மெல்ல ஓட்டினார். முன் சீற்றிலிருந்து றோட்டு முழுக்கத் தெரிந்தது. அது இன்னும் பொல்லாத சங்கடம். பலகாரக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற மாதிரி.

நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன், ஒரு ரயராவது காற்றுப் போகட்டும் என்று. ஒன்றும் போகவில்லை. கொட்டிலுக்குப் போனால் கனடாவிலிருந்து பெரிய ஓடர் ஒன்று வந்திருக்கிறது. பின்னேரம் றைவர் வீட்டுக்குப் போனால், காணாமல் போன ஆடு தானாக வந்து முற்றத்தில் நிற்கிறதாம்.

மறுநாள் காலை அந்த மனுசன் ஓடி வந்து கதவைத் திறந்தார். "அம்மா, உங்கட முழுவியளம் தங்கம்!"

அதோடு நான் துலைந்தேன். என் முகத்தைப் பாராமல் அவர் வான் திறப்பையே திருப்ப மாட்டார். ஞாயிற்றுக்கிழமை வேறு ஓட்டம் இருந்தாலும் படலையில் வந்து கோர்ன் அடிப்பார். "அம்மா, ஒருக்கா வெளியில வந்து நில்லுங்கோ. பார்த்திட்டுப் போறன்." கிடாரத்துக்குப் பின்னால் ஒளிகிற என்னை, தேரடியில் நின்று சாமி பார்க்கிற மாதிரி நின்று பார்ப்பார். பிறகு தன் சிநேகிதன் ஒரு ஓட்டோக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் அடுப்படியில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, உண்டியல் ஒண்டு வைப்பமோ?"

ஒருநாள் பின்னேரம் மாமரத்தடிக்குப் போனேன். சைக்கிளின் இரண்டு ரயரும் சப்பையாகக் கிடந்தன. சீற் முழுக்கக் காகம் எச்சமிட்டிருந்தது. கரியலில் எங்கள் சிவப்புக் கோழி ஏறிப் படுத்திருந்தது. என்னைக் கண்டும் அது எழும்பவில்லை. இது என்ர இடம் என்கிற மாதிரி ஒரு கண்ணால் பார்த்தது.

அதை மட்டும் என்னால் தாங்க ஏலவில்லை.

விடிந்ததும் விடியாததுமாகக் காற்றடித்தேன். கோழியைத் தூக்கி இறக்கினேன், அது கத்தினது கத்தினபடி கிடக்க, வான் வர முந்தியே காப்பெற் றோட்டில் ஏறினேன். என்ன சொல்ல! ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. காற்று சீலைக்குள் புகுந்து பின்னால் பொம்மென்று நின்றது. ஒரு உழக்குக்குச் சைக்கிள் தானாக எவ்வளவு தூரம் போகிறது! இரண்டு பக்கமும் வயல், கொக்கு எல்லாம் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தன. நான் வாயைத் திறந்துகொண்டு சிரித்தேன். பூச்சி ஒன்று உள்ளே போய்விட்டது, துப்பிவிட்டுத் திரும்பவும் சிரித்தேன்.

பின்னால் கோர்ன் கேட்டது. வான் வந்து எனக்குப் பக்கத்தில் ஒட்டி ஓடியது. எல்லா யன்னலிலும் தலைகள்.

"அக்கா, என்ன கோவம்? ஆர் என்ன சொன்னது?"

"வேலையை விட்டிட்டியளோ?"

"அம்மா, ஏறுங்கோ அம்மா!" இது றைவர், ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி அழாத குறை. "நான் ஏதும் பிழை விட்டனான் எண்டால் அடியுங்கோ, ஆனா ஏறுங்கோ!"

நான் தலையை ஆட்டிவிட்டு இன்னும் விரைவாக உழக்கினேன். அவரும் விரைவாக வந்தார். வானுக்குப் பின்னால் ஒரு உழவு மெசின், அதற்குப் பின்னால் பள்ளிக்கூட பஸ், எல்லாம் முந்த வழியில்லாமல் கோர்ன் அடிக்கின்றன.

"காரணத்தைச் சொல்லுங்கோவன் அக்கா! ரீச்சர் என்னையெல்லே பிய்ப்பா!" என்று பக்கத்து வீட்டுக்காரி அரை உடம்பை வெளியே போட்டுக்கொண்டு கத்தினாள்.

நிலத்தில் நின்று கேட்டிருந்தால் நான் குனிந்திருப்பேன். நான் சைக்கிளில் அல்லவா இருந்தேன்.

"எனக்குச் சைக்கிள் ஓட விருப்பம்!"

"என்ன?"

"விருப்பம்! சைக்கிள் ஓட விருப்பம்! வேற ஒண்டுமில்லை!"

உழவு மெசின்காரர்தான் முதல் வாய் திறந்தார். "அப்ப அவாவை ஓட விட்டிட்டு எங்களுக்கு வழியை விடுங்கோவன்!"

பிறகு வான் முழுக்கச் சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரி சிரித்துச் சிரித்துக் கேட்டாள், "அப்ப அண்டைக்கு நான் கட்டிப்பிடிச்சு அழுதது?"

"சும்மா அழுதனீ!"

"அம்மா, என்ர முழுவியளம்?" என்றார் றைவர்.

"முன்னுக்குத்தானே தம்பி போறன். பார்த்துக்கொண்டு வாரும்!"

ரவுண் கிட்டடியில் வான் என்னை முந்திவிட, கொட்டிலில் எனக்கு முந்தியே கதை போய்ச் சேர்ந்திருந்தது. ரீச்சர் வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றா. நான் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் கதை வராது என்று தெரியும். ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "மழை நாளில வானில வாறன் ரீச்சர். மற்ற நாளில இதில," என்றேன்.

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"வெக்கமா இருந்தது."

"கடவுளே, நான் அந்தப் பெடியனை அகப்பையோட எல்லே கலைச்சனான்!" ரீச்சருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடு மிளகாய்க் காரமும் ஏறி, தும்மத் தொடங்கிவிட்டா. தும்மலுக்கு நடுவில், "நேரத்துக்கு வந்தாச் சரி அக்கா," என்றா.

நேரத்துக்கு வர வேண்டும் என்ற பயத்தில் மறுநாள் நன்றாக வெள்ளனவே வெளிக்கிட்டேன். கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தால் கதவு பூட்டிக் கிடக்கிறது, ஒரு குருவியும் இல்லை. படியில் இருந்து காத்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சைக்கிளைத் திருப்பி, குளக்கட்டு வரைக்கும் ஒருக்கால் ஓடிவிட்டு வரப் போனேன்.