வேன்காரரின் குரல்

எங்கள் வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு வேனை ஓட்டியவரை ஊரே வேன்காரர் என்றுதான் அழைத்தது. தெருத்தெருவாகப் போய் மக்களின் பேச்சைப் பதிவு செய்வோம். ஒலி அளவு பார்க்க நான் கருவியை ஓடவிட்டதுமே அவர் வீடு வீடாகப் போய்ச் சத்தத்தை அடக்கிவிட்டு வருவார். வெல்டிங் பட்டறைகூட அவருக்காகக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ளும்.

அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி நிலையத்துக்கு வந்தார்.

"ஊர்ல எல்லார் குரலையும் பிடிச்சு வச்சிருக்கீங்களே தம்பி, அவர் குரல் கிடைக்குமா? வீட்ல ஒண்ணுமே இல்ல."

வேன்காரர் ஒருநாளும் மைக் முன்னால் உட்கார்ந்ததில்லை. ஆனால் ஒலிபரப்பும்போது நாங்கள் வெட்டிவிடும் தொடக்கப் பகுதி மூல நாடாவில் அப்படியே இருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. ஒரு தையல்காரரின் பேட்டியை எடுத்து ஓடவிட்டேன்.

முதலில் நாய் குரைத்தது. பிறகு தூரத்தில் அவர் குரல்: "அக்கா, கோவிச்சுக்காதீங்க, அந்த மிக்ஸிய ரெண்டு நிமிஷம் நிறுத்துறீங்களா? உங்க தெரு பேசுறத ஊரே கேக்கப் போகுது."

அவர் மனைவி சிரித்துவிட்டார். "என்கிட்ட ஒருநாளாவது இப்படிக் கெஞ்சியிருப்பாரா, மனுஷன்."

பிறகு நாற்காலியைக் கருவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவ போடுங்க தம்பி."